மிளகாய்க் காரம் இரைப்பைக்குள் போனால் ஹார்மோன்களுக்கு என்ன ஆகிறது?

காரம் சாப்பிட்டால் இரைப்பையின் செரிமான ஹார்மோன்கள் கூடுமா, குறையுமா? வயிறு எரிவது அதனால்தானா? காரமான சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்குப் பசி சட்டென்று அடங்கிவிடுகிறதே, அதற்கும் ஹார்மோன்தான் காரணமா? மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் வரும். பதில் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

சுருக்கமாக முதலில். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் முதலில் தொடுவது நரம்பு முனைகளை. ஹார்மோன் செல்களுக்குச் சேதி பெரும்பாலும் அந்த நரம்புகள் வழியாகத்தான் போகிறது. மனிதரிடம் இதுவரை அளந்த ஹார்மோன் மாற்றங்கள் சிறியவை, கொஞ்ச நேரமே நிற்பவை. சிறிய அளவில் கேப்சைசின் அமிலத்தைக் குறைக்கும் பக்கமே சாய்கிறது. எரிச்சல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் நரம்பின் கூச்சல். அமிலம் கூடியதற்கு அது சான்று ஆகாது.

இனி விரிவாக.

கேப்சைசின் காயின் விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நடுத்தண்டுச் சதையில்தான் சுரக்கிறது. விதையில் காரம் தெரிவது அந்தச் சதையோடு உரசி நிற்பதால். தூய கேப்சைசினின் காரம் ஸ்கோவில் அளவில் சுமார் 1 கோடியே 60 லட்சம். ஆகவே 32,000 ஸ்கோவில் உள்ள ஒரு மிளகாய்த்தூளில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் காரப்பொருள் இருக்கும். ஒரு தேக்கரண்டித் தூள் 2 முதல் 2.5 கிராம் எடை வரும் என்றால், அதில் 4 முதல் 5 மில்லிகிராம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளில் வரும் அளவுகளை நம் தட்டில் இருப்பதோடு ஒப்பிட இது இல்லாமல் முடியாது. நிறம் தூக்கலாகவும் காரம் குறைவாகவும் இருக்கும் தூளில் இதில் கால் பங்குகூட இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேப்சைசின் போய் ஒட்டும் ஏற்பியின், அதாவது நரம்பு முனையில் வாசல்போல இருக்கும் புரதத்தின், பெயர் டிஆர்பிவி1. டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு ஆர்டெம் படாபூட்டியனோடு பகிர்ந்து கிடைத்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த ஏற்பியைத் திறக்கும் முக்கியச் சாவிகள் மூன்று: சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு, அமிலம், கேப்சைசின். மூன்றில் எது திறந்தாலும் கால்சியமும் சோடியமும் நரம்புக்குள் பாய்கின்றன, மூளைக்குப் போகும் சேதி ஒன்றேதான்: "சுடுகிறது." வாயில் மிளகாய் பட்டால் உண்மையான சூடு இல்லாமலே சுடுவது இதனால்தான். இரைப்பையிலும் இதே ஏற்பி, இதே ஏமாற்று. ஒன்றைக் கவனியுங்கள்: அமிலமும் கேப்சைசினும் ஒரே வாசலைத் தட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து வந்தால் தனித்தனியாக வருவதைவிட எளிதாகத் திறக்கும். பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இரைப்பையில் சுரப்பவை யார் யார்? அடிப்பகுதியான ஆன்ட்ரத்தில் ஜி செல்கள் காஸ்ட்ரினைச் சுரக்கின்றன. புரதம் உள்ளே வந்ததும், இரைப்பை விரிந்ததும் காஸ்ட்ரின் ரத்தத்தில் ஏறும். அது ஈசிஎல் செல்களைத் தூண்டி ஹிஸ்டமினை வெளியேற்ற வைக்கும், ஹிஸ்டமின் பரைட்டல் செல்களை அமிலம் சுரக்க வைக்கும். இதற்குக் கடிவாளம் டி செல்கள் சுரக்கும் சோமாடோஸ்டாடின். அது காஸ்ட்ரினையும் ஹிஸ்டமினையும் அமிலத்தையும் ஒருசேர அடக்கும். இரைப்பையின் மேற்பகுதியில் கிரெலின் சுரக்கிறது. 1999இல் கண்டறியப்பட்ட இந்த ஹார்மோன் சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டபின் இறங்கும், பசியைக் கிளப்பும். இரைப்பையைத் தாண்டினால் முன்சிறுகுடலில் கோலிசிஸ்டோகைனினும் செக்ரிட்டினும். இன்னும் கீழே எல் செல்களில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய். கடைசி இரண்டும் நிறைவுணர்வோடு சம்பந்தப்பட்டவை. கண்டிப்பாகச் சொன்னால் இவை குடல் ஹார்மோன்கள். ஆனால் இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாக வேண்டும் என்று ஆணையிடுவதில் இவற்றுக்கும் பங்குண்டு. அதனால் ஒதுக்கிவிட முடியாது.

இப்போது கேப்சைசின் இரைப்பையின் சளிப்படலத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். படலத்துக்கு அடியில் மெல்லிய உணர்வு நரம்புகள் வலைபோலப் பரவியிருக்கின்றன. சில மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்போடு போவது, சில தண்டுவடத்துக்குப் போவது. இவை மேலே சேதி அனுப்புவதோடு நிற்பதில்லை. நின்ற இடத்திலேயே சில புரதத்துணுக்குகளை வெளியே கொட்டுகின்றன. முக்கியமானது சிஜிஆர்பி. கூடவே சப்ஸ்டன்ஸ் பி. சிஜிஆர்பி வெளிவந்ததும் நைட்ரிக் ஆக்சைடு துணையோடு அருகிலுள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, படலத்துக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது, சளியும் பைகார்பனேட்டும் கூடுகின்றன. அதே சிஜிஆர்பி பக்கத்தில் உள்ள டி செல்லைத் தட்டி சோமாடோஸ்டாடினைச் சுரக்க வைக்கிறது. சோமாடோஸ்டாடின் கூடினால் காஸ்ட்ரின் அடங்கும், பரைட்டல் செல் அமிலத்தைக் குறைக்கும். மிளகாய், நரம்பு, சிஜிஆர்பி, சோமாடோஸ்டாடின், குறைந்த அமிலம். இரைப்பையில் மிளகாயின் ஹார்மோன் கதையில் அதிகம் ஆராயப்பட்ட சங்கிலி இதுதான். இதன் பெரும்பகுதி எலியில் கண்டறியப்பட்டது.

சோமாடோஸ்டாடின் விஷயத்தில் ஒரு சிக்கல். அது பெரும்பாலும் பக்கத்துச் செல்லுக்கு மட்டும் போய்ச் சேரும் ஹார்மோன். ரத்தத்தில் கலந்த பிறகு ஓரிரு நிமிடங்களில் பாதியாகச் சிதைந்துவிடும். கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து அளந்தால் இரைப்பைச் சுவரில் நடந்தது அதில் தெரியாமலே போகலாம். "காரம் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஹார்மோன் மாறவில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை" என்று முடிவுகட்டுவது இதனால் தவறு. ரத்தத்தில் கொஞ்சம் ஏறியது என்று கண்டதும் "காரம் ஹார்மோனைத் தூண்டுகிறது, உடல் இளைக்கும்" என்று கிளம்புவதும் அதே அளவு தவறு.

மனிதரிடம் என்ன கண்டார்கள்? ஹங்கேரியில் க்யூலா மோஜிக்கின் குழு ஆரோக்கியமானவர்களின் இரைப்பைக்குள் 100 முதல் 800 மைக்ரோகிராம் வரை கேப்சைசினைச் செலுத்தி அமிலத்தை அளந்தது. அளவு ஏற ஏற வெறும் வயிற்று அமிலச் சுரப்பு குறைந்தது. பாதியாகக் குறைந்தது சுமார் 400 மைக்ரோகிராமில். மேலே சொன்ன கணக்கில் 400 மைக்ரோகிராம் என்பது 0.2 கிராம் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகைக்குள் அடங்கும். பயமுறுத்தும் அளவே இல்லை.

எல்லா ஆய்வும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில் 0.1 முதல் 1.5 கிராம் வரை சிவப்பு மிளகாய்த்தூளை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் கூடின, படலத்துச் செல்கள் உதிர்வதும் நுண்ணிய ரத்தக்கசிவும் கூடின. இரண்டும் எப்படி உண்மையாகும்? ஒன்றில் கொடுத்தது தூய கேப்சைசின், மைக்ரோகிராம் கணக்கில். மற்றதில் முழுத்தூள். அதில் கேப்சைசின் தவிர வேறு நூறு பொருள்கள் உண்டு, அளவும் அதிகம். சிறிய அளவில் நரம்பைத் தட்டி எழுப்புவது, பெரிய அளவில் உறுத்துவது என்று பிரித்துப் படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. "மிளகாய் அமிலத்தைக் கூட்டும்", "மிளகாய் அமிலத்தைக் குறைக்கும்" என்ற இரண்டு வாக்கியங்களுமே அளவைச் சொல்லாவிட்டால் பொருளற்றவை.

அப்படியானால் வயிறு புண்ணாகுமா? அதே அமெரிக்கக் குழுவினர் அடுத்த ஆண்டு, 1988இல், 12 ஆரோக்கியமானவர்களின் இரைப்பையை எண்டோஸ்கோப்பியில் பார்த்தார்கள். அரைத்த ஹாலப்பீனோ மிளகாய் 30 கிராமை நேரே இரைப்பைக்குள்ளேயே வைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியும் புண் எதுவும் இல்லை. ஒப்பிடுவதற்காக ஆஸ்பிரின் கொடுத்தபோது படலம் சேதமானது நன்றாகத் தெரிந்தது. 1995இல் சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 18 பேருக்கு 20 கிராம் மிளகாய்த்தூளைத் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். வெறும் தண்ணீருக்குப் பின் ஆஸ்பிரின் எடுத்தபோது இருந்ததைவிட மிளகாய்க்குப் பின் சேதம் குறைவாக இருந்தது. மேலே விவரித்த சிஜிஆர்பி, ரத்த ஓட்டம், சளி எல்லாம் கவசமாக வேலை செய்ததற்கு இது பொருத்தமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வலி மாத்திரைக்கு முன் ஒரு கரண்டி மிளகாய்த்தூளை விழுங்க வேண்டாம். 18 பேரிடம் ஒரே ஒரு வேளை செய்த பரிசோதனை அது. தினமும் வலி மாத்திரை எடுப்பவருக்கு இரைப்பைப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்கான மருந்துகள் தனியே இருக்கின்றன.

குடற்புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் வலிநிவாரணி மாத்திரைகளும்தான். கிருமியின் பங்கைக் காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்கெனவே புண் இருப்பவருக்கு மிளகாய் வலியைக் கிளப்பும் என்பது வேறு விஷயம். புண்ணின் மேல் நரம்பு மறைவின்றித் திறந்து கிடக்கிறது.

எலிகளில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. 1981இல் ஹங்கேரியின் யானோஷ் சோல்சான்யியும் லோராண்ட் பார்த்தோவும், மிகப் பெரிய அளவு கேப்சைசின் கொடுத்து இந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்த எலிகளுக்கு இரைப்பைப் புண் எளிதாக வருவதைக் காட்டினார்கள். சிறிய அளவு நரம்பைத் தூண்டிக் காக்கிறது, மிகப்பெரிய அளவு நரம்பையே முடக்கிக் காவலை அகற்றிவிடுகிறது. சாப்பாட்டில் சேர்க்கும் மிளகாயால் மனிதர் அந்த நிலைக்குப் போவதில்லை. ஆனால் "கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது" என்பது கேப்சைசின் மாத்திரை விற்பவர்களின் கணக்கு, இரைப்பையின் கணக்கு இல்லை.

அமிலம் கூடவில்லை என்றால் எரிவது எதனால்? காரணங்கள் பல, ஆளுக்கு ஆள் வேறு.

ஒன்று, மேலே சொன்ன பொது வாசல். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1.5 முதல் 2 வரை இருக்கும். சாப்பாடு வந்ததும் அமிலத்தை உறிஞ்சி 4, 5 வரைகூட உயர்த்தும். வெறும் வயிற்றில் பச்சை மிளகாயைக் கடித்தால் ஏற்பியை ஒரு பக்கம் அமிலம், மறுபக்கம் கேப்சைசின் தட்டுகின்றன, தடுக்க உணவு இல்லை. அதே மிளகாய் சாப்பாட்டின் நடுவில் போனால் எரிச்சல் குறைவாக இருக்கும். கேப்சைசினின் அளவு மாறவில்லை, சூழல் மாறியது.

இரண்டு, உணவுக்குழாய். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குக் கேப்சைசின் சேர்த்த உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில், அமிலம் மேலேறும் அளவு கூடவில்லை, இரைப்பை காலியாகும் வேகமும் மாறவில்லை. ஆனால் எரிச்சல் மட்டும் சீக்கிரமே உச்சத்தைத் தொட்டது. ஏற்கெனவே அமிலத்தால் எரிச்சலுற்ற நரம்பு கேப்சைசினுக்கு மிகையாகப் பதில் சொல்கிறது. அமிலத்தடுப்பு மாத்திரை எடுத்தும் காரம் சாப்பிட்டால் மட்டும் எரிகிறது என்று சொல்பவர்கள் இந்த வகை. மாத்திரை அமிலத்தைத்தான் நிறுத்தும், கேப்சைசின் ஏற்பியைத் திறப்பதை நிறுத்தாது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: காரமான உணவு பெரும்பாலும் எண்ணெய் மிகுந்த உணவாகவும் இருக்கும், வழக்கத்தைவிட அதிகமாகவும் உள்ளே போகும். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் சுரந்து இரைப்பை காலியாவதை நிதானப்படுத்தும், உணவுக்குழாயின் கீழ் வால்வையும் தளர்த்தும். வயிறு கனத்து, அமிலம் மேலே வரும். இது சந்தேகமற்ற ஹார்மோன் வேலை, ஆனால் குற்றவாளி எண்ணெய். பழி மிளகாயின் மேல் விழுகிறது. காரத்தைக் குறைத்தும் நெஞ்செரிச்சல் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயையும் தட்டில் எடுக்கும் அளவையும்.

பசி ஹார்மோன்களுக்கு வருவோம். இணையத்தில் அதிகம் மிகைப்படுத்தப்படுவது இந்தப் பகுதிதான். 2009இல் நெதர்லாந்தில் 30 பேருக்கு மதிய உணவில் சுமார் 1 கிராம் சிவப்பு மிளகாய்த்தூள் சேர்த்துக் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். சாப்பிட்ட 15 நிமிடத்தில் ஜிஎல்பி-1 கூடியிருந்தது. கிரெலின் குறையும் போக்கு தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பிஒய்ஒய் மாறவில்லை. சாப்பிட்டவர்கள் சொன்ன நிறைவுணர்விலும் வித்தியாசம் இல்லை. ஹார்மோன் கொஞ்சம் அசைந்தது, பசி அசையவில்லை.

2016இல் அதே நாட்டில் நேரெதிராக ஒன்று நடந்தது. 13 பேருக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு, 1.5 மில்லிகிராம் கேப்சைசினை அரை மணி நேரத்தில் நேரே முன்சிறுகுடலுக்குள் செலுத்தினார்கள். வாயில் காரமே தெரியாது. நிறைவுணர்வு கூடியது. கூடவே வலி, எரிச்சல், குமட்டலும் கூடின. ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் அசையவில்லை. ஹார்மோன் அசையவில்லை, பசி அடங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் முடிவு இதுதான்: காரம் சாப்பிட்டபின் பசி அடங்குவதில் பெரும்பங்கு வயிற்றின் அசௌகரியத்துக்கும் வாயின் எரிச்சலுக்கும் உரியது. வயிறு ஒருமாதிரி இருந்தால் யார்தான் இன்னொரு கவளம் எடுப்பார்கள்?

வாயின் பங்கு வேறோர் ஆய்விலும் தெரிந்தது. ஒரே அளவு மிளகாய்த்தூளைச் சிலமுறை தக்காளிச் சாற்றிலும் சிலமுறை மாத்திரைக் கூட்டுக்குள்ளும் கொடுத்தபோது, சாற்றில் கலந்து குடித்த நாளில் சாப்பாட்டு அளவு கூடுதலாகக் குறைந்தது. மாத்திரைக் கூடு நாக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. ஹார்மோன்தான் எல்லாம் என்றால் இரண்டிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும்.

எலியிலும் ஆய்வகச் செல்களிலும் கதை இன்னும் கூர்மையாக இருக்கிறது. கேப்சைசின் கொடுத்த எலிகளில் ஜிஎல்பி-1 கூடியது, டிஆர்பிவி1 இல்லாத எலிகளில் கூடவில்லை. ஆகவே பாதை இருக்கிறது. மனிதர் சாப்பிடும் அளவில் அந்தப் பாதையில் எவ்வளவு போக்குவரத்து என்பதுதான் கேள்வி. இன்னொரு பழைய பரிசோதனை கோலிசிஸ்டோகைனின் பற்றியது. பெரிய அளவு கேப்சைசின் கொடுத்து வேகஸின் உணர்வு நரம்புகளை அழித்த எலிகளுக்கு, பிறகு கோலிசிஸ்டோகைனினை ஊசியாகப் போட்டபோது பசி முன்போல அடங்கவில்லை. இந்த ஹார்மோன் மூளையிடம் பேசுவதே வேகஸ் நரம்பு வழியாகத்தான் என்று அதிலிருந்து தெரிந்தது. கேப்சைசின் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஹார்மோனின் சேதியைச் சுமக்கும் அதே நரம்பில்தான் அதுவும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பழக்கம் என்ன செய்யும்? ஏற்பி திறந்து உள்ளே பாயும் கால்சியமே சற்று நேரத்தில் அந்த வாசலை மூட வைக்கிறது. நரம்பு முனையில் சேர்த்து வைத்த சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி இரண்டும் தீர்ந்துபோகின்றன, மீண்டும் நிரப்ப நேரம் பிடிக்கும். தொடர்ந்து காரம் சாப்பிடுபவருக்கு வாயும் வயிறும் மரத்துப்போவது இப்படித்தான். 2002இல் இத்தாலியில் இதை மருத்துவமாகவே பயன்படுத்திப் பார்த்தார்கள். புண், எதுக்களிப்பு எதுவும் இல்லாமல் அஜீரணத் தொல்லை மட்டும் இருந்த 30 பேரில் ஒரு பாதிக்கு தினமும் 2.5 கிராம் சிவப்பு மிளகாய்த்தூளை மாத்திரைக் கூட்டில் அடைத்து, சாப்பாட்டுக்கு முன் 5 வாரம் கொடுத்தார்கள். தொல்லை சுமார் 60 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 30 சதவீதம். குறையத் தொடங்கியது மூன்றாவது வாரத்தில்தான். முதல் சில நாட்களில் கூடும், பிறகு குறையும் என்பதே இந்த நரம்பின் இயல்பு. ஒரு வாரம் முயன்று "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துபவர்கள் கஷ்டமான பாதியை மட்டும் அனுபவித்துவிட்டு விலகுகிறார்கள்.

பழகியவரிடம் ஹார்மோன் விளைவும் சுருங்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். தட்டப்பட வேண்டிய நரம்பே மரத்துப்போயிருக்கிறது. காரத்தை அரிதாகச் சாப்பிடுபவரிடம் செய்த ஆய்வின் முடிவை மூன்று வேளையும் காரம் சாப்பிடுபவர் மேல் அப்படியே ஏற்றக் கூடாது. உடல் எடைக்காக மிளகாயை நம்புவதில் இருக்கும் பெரிய ஓட்டையும் இதுதான்.

கேப்சைசின் உள்ளே எவ்வளவு நேரம் தங்கும் என்றும் கேட்பார்கள். 26.6 மில்லிகிராம் கேப்சைசின் உள்ள 5 கிராம் மிளகாய்த்தூளை விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவு வந்தது சுமார் 47 நிமிடத்தில். அந்த உச்சமும் மில்லிலிட்டருக்கு 2.5 நானோகிராம்தான், பிறகு 25 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியானது. கல்லீரல் அதை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. ஆகவே ரத்தம் வழியாகச் சுற்றி வந்து ஹார்மோன் சுரப்பிகளை நாள் முழுக்கத் தூண்டுகிறது என்பதற்கு இடமில்லை. வேலை நடப்பது தொட்ட இடத்தில், தொட்ட நேரத்தில். உறிஞ்சப்படாமல் மிச்சமாவது பெருங்குடல் வரை போகிறது. ஆசனவாயிலும் அதே ஏற்பி இருப்பதால் மறுநாள் காலை எரிச்சல்.

தன் வயிற்றுக்கு மிளகாய் என்ன செய்கிறது என்று தானே கண்டுபிடிக்க விரும்புபவருக்கு ஒரு முறை சொல்கிறேன். நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் மிளகாய் முற்றிலும் இல்லாமல், எண்ணெயும் சாப்பாட்டு அளவும் வழக்கம்போல. இரண்டாம் வாரம் ஒரு வேளைக்கு 0.25 கிராம் தூள், அதாவது தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு, சாப்பாட்டோடு கலந்து. மூன்றாம் வாரம் 0.5 கிராம், நான்காம் வாரம் 1 கிராம். ஒரே பாக்கெட்டுத் தூளையே கடைசிவரை பயன்படுத்துங்கள். பாக்கெட் மாறினால் காரம் இரண்டு மூன்று மடங்கு மாறிப்போகும். தினமும் மூன்று விஷயம் மட்டும் குறித்தால் போதும்: எரிச்சல் சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, நெஞ்சிலா மேல்வயிற்றிலா, படுத்ததும் கூடியதா. அரை மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் வந்து தானாக அடங்கினால் அது நேரடி நரம்பு எரிச்சல். ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து நெஞ்சில் வந்து, படுத்ததும் கூடினால் எதுக்களிப்பு. அப்போது காரத்தைவிட எண்ணெயையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றுவதில்தான் பலன் அதிகம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுங்கள்.

எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது. கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, தண்ணீர் அதைப் பரப்பிவிடும். வாயில் பால் நன்றாக வேலை செய்கிறது, கொழுப்பு நீக்கிய பாலும்கூட. அதிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொள்வது காரணமாக இருக்கலாம். இரைப்பைக்குப் போன பிறகு எரிவதற்கு உணவின் கனமே சிறந்த தடுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கலந்த உணவு முதலில், காரம் பிறகு.

கேப்சைசின் மாத்திரை பற்றியும் கேட்பவர்கள் உண்டு. வாய் எச்சரிக்காததால் அளவு கட்டுப்பாடு போய்விடுகிறது, கூடு உடையும் ஒரே இடத்தில் மொத்தமும் கொட்டுகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும் வலி வருவது இந்த வகையில்தான். நாக்கு தாங்காத அளவை வயிற்றுக்குக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

ஹார்மோன் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்றால், காரத்துக்காக வேண்டியதில்லை. குறிப்பாக காஸ்ட்ரின் அளவைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்கு அமிலம் குறைவதால் காஸ்ட்ரின் தானாகவே ஏறும், சிலருக்கு இயல்பு அளவைப்போலப் பல மடங்கு. அதை மிளகாயின் தலையில் கட்டுவதும் தவறு, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தவறு. நிறுத்திய முதல் சில வாரங்களில் ஏறியிருந்த காஸ்ட்ரின் அமிலத்தை முன்னைவிட அதிகமாகச் சுரக்க வைக்கும். அந்தச் சமயத்தில் காரமும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகத் தெரியும்.

மலம் கருத்துப் போவது, ரத்தவாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் எழுப்பும் மேல்வயிற்று வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன நான்கு வாரப் பரிசோதனை உங்களுக்கானது இல்லை. மருத்துவரிடம் போய் ஹெலிகோபாக்டர் பரிசோதனையும், அவர் சொன்னால் எண்டோஸ்கோப்பியும் செய்துகொள்ளுங்கள். உழைப்பின்போது அல்லது வியர்வையோடு வரும் நெஞ்செரிச்சலை, அன்று காரம் சாப்பிட்டிருந்தாலும்கூட, இதய வலியாக எண்ணித்தான் முதலில் பார்க்க வேண்டும்.